வீட்டில் கட்டும் விமானத்துக்குக் கார் இன்ஜின்: எது தாங்கும், எது உடையும்?

#1 வேலன் | ஒஷாவா, ஒன்ராறியோ

வணக்கம். ஜெனித் சிஎச் 750 என்ற சிறிய இரண்டு இருக்கை கிட் விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இறக்கைகளும் வாலும் முடிந்து கராஜ் சுவரோரம் நிற்கின்றன. இப்போது உடற்பகுதியில் ரிவெட் வேலை. எந்த இன்ஜின் என்று முடிவு செய்யாமல் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவில் உள்ள தகடு) இனி ஒரு துளைகூடப் போட முடியாது.

சிறு விமானங்களுக்கென்றே செய்யும் ரோட்டாக்ஸ் 912 இன்ஜின் புதிதாக என்ன விலை என்று கேட்டேன். அதுவும் அதற்கு வேண்டிய சாமான்களும் சேர்ந்தால் கிட் வாங்கிய காசை எட்டிவிடுகிறது. அதனால் கார் இன்ஜின் பக்கம் பார்க்கிறேன். பட்டியலில் இருப்பவை: சுபாரு இஜே22, ஹோண்டா ஃபிட்டின் 1.5 லிட்டர் எல்15 (இந்தியாவில் ஹோண்டா சிட்டியில் வந்த அதே குடும்பம்), அப்புறம் காற்றில் குளிரும் வகையில் பழைய வோக்ஸ்வேகன் இன்ஜினும் செவ்ரோலே கோர்வேர் இன்ஜினும்.

காரில் இவை 3 லட்சம் கிலோமீட்டர் சும்மா ஓடுகின்றன. விமானத்தில் போட்டால் மட்டும் ஏன் பிரச்சினை என்கிறார்கள்? உள்ளே எதை மாற்ற வேண்டும்? பிஸ்டனா, கேம் ஷாஃப்டா, கனெக்டிங் ராடா? செய்து பார்த்தவர்கள், பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ரவிசங்கர் | டாலஸ்

என் ஓட்டு ரோட்டாக்ஸுக்குத்தான். நான் லைகாமிங் என்ற விமான இன்ஜின் வைத்த ஆர்வி கிட் விமானம் ஓட்டுகிறேன். மிச்சம் பிடிக்கலாம் என்று கார் இன்ஜினில் ஆரம்பித்தவர்களை எங்கள் ஏர்போர்ட்டில் பார்த்திருக்கிறேன். ரேடியேட்டரை மூக்கிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து மறுபடி மூக்குக்கு மாற்றியே சீசன் போய்விடும். பறக்க ஆசை என்றால் விமான இன்ஜின் வாங்குங்கள். இன்ஜின் வேலையில் ஆசை என்றால் கார் இன்ஜின் எடுங்கள். இரண்டில் எது என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

#3 சண்முகம் | கோவை

ரவி சார் சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. எனக்கு விமானம் தெரியாதுங்க, லேத்தும் ரேஸ் இன்ஜினும் தெரியும். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓடும் ஃபார்முலா வண்டிகளுக்கு மாருதியின் 1.3 லிட்டர் இன்ஜின் செய்து கொடுத்திருக்கிறோம். ரேஸ் முழுக்க ஆக்ஸிலேட்டர் தரையோடு தரையாக இருக்கும், ஆர்பிஎம் 6000-க்குக் கீழே இறங்காது. பிளாக்கும் கிராங்கும் தாங்குகின்றன. அப்படியிருக்க, ஆகாயத்தில் 5000-ல் ஒரே சீராக ஓட்டினால் ஏன் உடைய வேண்டும்? காரணம் யாராவது சொன்னால் தெரிந்துகொள்வேன்.

#4 நித்யா | ஷார்ஜா, விமானப் பராமரிப்பு

சண்முகம் அண்ணா கேட்டதுதான் சரியான கேள்வி. பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலும் இன்ஜினின் உள்ளே உடைவதில்லை. அதன் மேல் நாம் மாட்டுகிற பொருட்கள்தான் விமானத்தைக் கீழே இறக்குகின்றன. ரிடக்‌ஷன் கியர்பாக்ஸ் (இன்ஜின் சுழற்சியைக் குறைத்து ப்ரொப்பெல்லருக்குக் கொடுப்பது), கூலிங், பெட்ரோல் லைன், வயரிங். வேலன், நீங்கள் கேட்ட பிஸ்டனும் கேமும் இந்த வரிசையில் கடைசியில்தான் வருகின்றன. எல்15 மாதிரி இன்ஜினில் அவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது.

காருக்கும் விமானத்துக்கும் சுமை வேறு என்பது உண்மை. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் தன் சக்தியில் கால்வாசியைக்கூடத் தொடாது. விமானம் டேக்-ஆஃபில் முழு சக்தியும், பயணத்தில் 65 முதல் 75 சதவீதமும் மணிக்கணக்காகக் கேட்கும். ஆனாலும் நல்ல பிளாக் அதைத் தாங்கும். ஆதாரம் வேண்டுமானால் டீசல் பக்கம் பாருங்கள். ஜெர்மனியின் தீலர்ட் நிறுவனம் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரின் 1.7 லிட்டர் டீசலை எடுத்து 135 குதிரைத்திறன் விமான இன்ஜினாக்கி 2002-ல் சான்றிதழே வாங்கியது. டயமண்ட் டிஏ42 என்ற இரட்டை இன்ஜின் விமானம் அதில்தான் பறக்கத் தொடங்கியது. அடுத்து வந்த ஆஸ்ட்ரோ ஏஇ300-ம் மெர்சிடிஸின் 2 லிட்டர் கார் டீசல்தான். கார் பிளாக் விமானத்துக்கு ஆகாது என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அதே தீலர்டில் கியர்பாக்ஸை 300 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி அனுப்ப வேண்டியிருந்தது. வலி எங்கே இருக்கிறது என்று அந்த ஒரு விதியே காட்டிவிடுகிறது.

கியர்பாக்ஸ் ஏன் தேவை என்றால், ப்ரொப்பெல்லரின் நுனி ஒலி வேகத்தை நெருங்கக் கூடாது. சிஎச் 750-க்கு 70 அங்குல ப்ரொப்பெல்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2400 ஆர்பிஎம்மில் நுனி நொடிக்கு 223 மீட்டர் போகும், அது நல்ல இடம். அதையே இன்ஜினில் நேராக மாட்டி 5800-ல் சுற்றினால் 540 மீட்டர். ஒலியின் வேகம் 340. சத்தம்தான் மிஞ்சும், இழுவை வராது.

#5 கனகர் | ஸ்கார்பரோ

தம்பி வேலன், கியர்பாக்ஸே இல்லாத வழியும் இருக்கு. அதுதான் பழைய வழி. மினசோட்டாவில் செர்ரி குரோவ் என்ற சின்ன ஊரில் பெர்னார்ட் பீட்டன்போல் 1920-களின் கடைசியில் ஃபோர்ட் மாடல் ஏ கார் எஞ்சினை நேரடியாகத் தன் ஏர் கேம்பர் விமானத்தில் பூட்டினார். 40 குதிரைத்திறன், 2000-க்கும் குறைந்த ஆர்பிஎம். அந்த எஞ்சினின் இயல்பே மெதுவான சுழற்சி. அதனால் ப்ரொப்பெல்லரை அப்படியே முன்னால் பூட்ட முடிந்தது. 1960-ல் அதே மனிதர்தான் செவ்ரோலே கோர்வேர் எஞ்சினையும் முதலில் பறக்கவிட்டார். ஆறு சிலிண்டர், எதிரெதிர் வரிசை, பின்னாளில் வந்தவை 2.7 லிட்டர், காற்றில் குளிரும். விமானத்துக்கென்றே வார்த்தது போல இருக்கும்.

நானும் என் சினேகிதரும் கட்டிய பீட்டன்போலில் கோர்வேர்தான் இருக்கு. மெதுவான, எடை குறைந்த விமானத்தில் அது பல வருடமாக ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் வேகமான விமானங்களில் போட்டவர்களுக்குக் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. எங்கே உடைந்தது என்பதை வடிவாகப் பாருங்கோ. பிஸ்டன் இடிக்கிற நடுப்பகுதியில் இல்லை, ப்ரொப்பெல்லர் பக்கத்தில். ஜர்னல் முடிந்து கிராங்கின் கன்னம் தொடங்குகிற அந்தச் சின்ன வளைவில் தலைமயிர் அளவு வெடிப்பு தொடங்கும். மூக்கைத் திருப்புகிற ஒவ்வொரு முறையும் சுழலும் ப்ரொப்பெல்லர் கைரோ போலத் திமிறி ஷாஃப்டை வளைக்கப் பார்க்கும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வளைவு, நிமிர்வு. காரில் அந்த முனையில் இப்படி ஒரு சுமையே கிடையாது. தொழிற்சாலை அந்த இடத்தைக் கணக்கில் எடுத்திருக்க நியாயமும் இல்லை.

தீர்வு இரண்டு கட்டமாக வந்தது. முதலில் கிராங்கை நைட்ரைட் செய்து மேற்பரப்பைக் கடினமாக்கினார்கள். போதவில்லை. பிறகு நாலு மெயின் பேரிங் உள்ள எஞ்சினுக்கு ப்ரொப்பெல்லருக்கென்றே ஐந்தாவது பேரிங் ஒன்றை முன்னால் சேர்த்தார்கள். வில்லியம் வின் என்பவர் இந்த எஞ்சினோடு வாழ்நாளையே செலவழித்தவர். நடந்த பிழைகளை மறைக்காமல் எழுதிவைத்ததால்தான் எங்களைப் போன்றவர்கள் நம்பிப் பறக்கிறோம்.

சண்முகம் தம்பி, உங்கள் ரேஸ் எஞ்சின் தாங்குவதற்கும் இது தாங்காததற்கும் இதுதான் வித்தியாசம். உங்கள் கிராங்கின் நுனியில் ப்ரொப்பெல்லர் இல்லை.

#6 சண்முகம் | கோவை

ஐயா, இப்போது புரிகிறதுங்க. ஃபில்லெட் ரேடியஸில் (நீங்கள் சொன்ன அந்தச் சின்ன வளைவு) கிராக் என்றால் எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கிராங்க் கிரைண்டிங்கில் அந்த ரேடியஸைக் கூராக விட்டால் லாரி இன்ஜினிலேயே உடையும். பழைய கிராங்க் வாங்குபவர்கள் மேக்னாஃப்ளக்ஸ் (காந்தத்தால் வெடிப்பைக் காட்டும் சோதனை) செய்யாமல் தொடவே கூடாது.

அப்படியென்றால் கியர்பாக்ஸ் போட்டால் இந்தப் பிரச்சினை கிராங்கை விட்டு கியர்பாக்ஸ் பேரிங்குக்குப் போய்விடும், சரிதானே? பெரிய பேரிங்கைப் போட்டு அதைத் தாங்க வைத்துவிடலாம். பிறகு ஏன் கியர்பாக்ஸ் உடைகிறது என்கிறார்கள்?

#7 நித்யா | ஷார்ஜா

வளைக்கும் சுமை கியர்பாக்ஸுக்குப் போய்விடும் என்பது சரி. ஆனால் முறுக்கு அதிர்வு என்று இன்னொன்று இருக்கிறது. நீளமான ஷாஃப்டை லேத்தில் கடையும்போது குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் சாட்டர் (அதிர்வு) வந்து அலறும், வேகத்தைக் கொஞ்சம் மாற்றினால் நின்றுவிடும் இல்லையா? அதே குணம் முறுக்கிலும் உண்டு.

நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஷாஃப்டைத் தள்ளுகிறது. 3000 ஆர்பிஎம்மில் அது நொடிக்கு 100 தள்ளல். ஒரு முனையில் கிராங்கும் ஃப்ளைவீலும், மறுமுனையில் ப்ரொப்பெல்லர், நடுவில் ஷாஃப்ட்டும் பற்களும். இந்த அமைப்புக்கென்று இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. இன்ஜினின் தள்ளல் அதோடு ஒத்துப்போனால், 150 நியூட்டன் மீட்டர் கொடுக்கும் இன்ஜின் பற்களில் அதைப் போலப் பல மடங்கு முறுக்கை உண்டாக்கும். வெளியே சத்தம்கூட வித்தியாசமாகத் தெரியாமல் போகலாம். பல் உதிரும்போதுதான் தெரியும்.

ஐடிலில் இன்னொரு தொல்லை. ஒரு தள்ளலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிராங்க் மெதுவாகிறது, ப்ரொப்பெல்லர் தன் வேகத்தில் வந்து அதை முந்தப் பார்க்கிறது. பல் ஒரு பக்கம் தட்டி, உடனே மறு பக்கம் தட்டும். இந்தச் சுத்தியல் அடி நாள் முழுக்க நடக்கும்.

வழக்கமான மருந்து, நடுவில் மெத்தென்ற ரப்பர் கப்ளிங் வைத்து இயல்பு அதிர்வெண்ணை ஐடிலுக்கும் கீழே தள்ளிவிடுவது. 900 ஆர்பிஎம் ஐடில் என்றால் நொடிக்கு 30 தள்ளல். அதற்கும் கீழே கொண்டுபோய்விட்டால் ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் ஒரு நொடி உலுக்கிவிட்டுக் கடந்துவிடும். சண்முகம் அண்ணா, ரேஸுக்கு ஃப்ளைவீலைக் குறைத்துக் கடைவீர்கள். இங்கே அப்படிச் செய்யக் கூடாது. தள்ளல்களைச் சமன் செய்வது அந்த எடைதான்.

இந்தக் கணக்கு ப்ரொப்பெல்லரையும் சேர்த்த கணக்கு என்பதை மறக்க வேண்டாம். மர ப்ரொப்பெல்லரோடு நன்றாக ஓடிய கியர்பாக்ஸ், அதைவிடக் கனமான உலோக ப்ரொப்பெல்லருக்கு மாறியதும் கெட்டுப்போகலாம். அதனால் 'இன்ஜின், கப்ளிங், கியர்பாக்ஸ், ப்ரொப்பெல்லர்' நான்கும் ஒரே பொருள். வேறொருவர் பல நூறு மணி நேரம் ஓட்டிக் காட்டிய நான்கையும் அப்படியே எடுங்கள். ஒன்றை மாற்றினாலும் நீங்கள் புதிதாகத் தொடங்குகிறீர்கள்.

#8 வேலன் | ஒஷாவா

நித்யா அக்கா, கனகர் ஐயா, மிக்க நன்றி. கியர்பாக்ஸை நானே வடிவமைக்கும் எண்ணத்தை இன்றோடு விட்டேன்.

கோர்வேரை யோசித்தேன். 750-ல் அதைப் போட்டுப் பறப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1969-ல் தயாரிப்பு நின்ற கார், புதுப்பிக்க ஏற்ற நல்ல பழைய இன்ஜின் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. வோக்ஸ்வேகன் 2180 சிசி பார்த்தேன், 92 மில்லிமீட்டர் போர், 82 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், முழு இன்ஜினும் 75 கிலோ பக்கம். அது ஏன் 750-க்கு யாரும் சொல்வதில்லை?

#9 கனகர் | ஸ்கார்பரோ

வோக்ஸ்வேகன் நல்ல எஞ்சின், தம்பி. லிம்பாக் அதை வைத்தே சான்றிதழ் பெற்ற மோட்டார் கிளைடர் எஞ்சின்கள் செய்தது. கேஆர்-2, சோனெக்ஸ் போன்ற மெலிந்த, வேகமான விமானங்களுக்குப் பொருந்தும். ஆனால் அதன் சக்தி 3400 ஆர்பிஎம்மில்தான் வரும். நேரடி பூட்டு என்பதால் ப்ரொப்பெல்லரை 54 அங்குலம் அளவுக்குக் குறுக்க வேண்டும். உங்கள் 750 மெதுவாகப் பறந்து சின்னப் புல்வெளியில் இறங்குவதற்கென்று வரைந்த விமானம். அதற்குப் பெரிய வட்டத்தில் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிற ப்ரொப்பெல்லர்தான் வேண்டும். சின்னது சுழன்றால் ஓட்டம் நீளும், ஏற்றம் குறையும். பிறகு முழு சக்தியில் நெடுநேரம் ஏறினால் சிலிண்டர் ஹெட் சூடு. எக்ஸாஸ்ட் வால்வுதான் முதலில் சாகும்.

#10 குமரன் | மெல்பன்

கூலிங் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் கிளப்பில் சுபாரு இஏ81 வைத்த கைரோகாப்டர்கள் நிறைய ஓடின. 1781 சிசி, புஷ்ராட், முரட்டு இன்ஜின். இன்ஜின் உடைந்து இறங்கியதை நான் பார்த்ததில்லை. சூடேறி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 100 குதிரைத்திறன் என்றால் சுமார் 75 கிலோவாட் ஷாஃப்டுக்குப் போகிறது. கிட்டத்தட்ட அதே அளவு புகைக்குழாய் வழியே போகும். கூலன்டுக்குக் குறைந்தது 50 கிலோவாட். காரில் இந்த அளவு சில நொடிகள்தான் வரும். உங்கள் 750-ல் முழு த்ராட்டிலில் 55, 60 நாட் வேகத்தில் ஏறும்போது நிமிடக்கணக்கில் வரும். வேகம் மிகக் குறைவு, வெப்பம் மிக அதிகம், இரண்டும் ஒரே நேரத்தில். அந்த நிலைக்குத்தான் ரேடியேட்டர் அளவெடுக்க வேண்டும், பயண வேகத்துக்கு அல்ல.

எல்லாரும் செய்வது பெரிய ரேடியேட்டரைக் காற்றில் நிறுத்திவைப்பது. அப்படி வைத்தால் காற்று அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். சின்ன வாயில் உள்ளே வாங்கி, டக்ட் எனும் படிப்படியாக அகலும் பெட்டியில் காற்றின் வேகத்தைக் குறைத்து அழுத்தமாக மாற்றி, ரேடியேட்டர் முகம் முழுக்கப் பரப்பி, பின்னால் காற்று நன்றாக உறிஞ்சப்படும் இடத்தில் வெளியே விட வேண்டும். இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங் வயிற்றில் தொங்கும் அந்தத் தொட்டி இதே கணக்கில் செய்ததுதான். சுபாருவும் மாஸ்டா ரோட்டரியும் வைத்துப் பறந்தவர்கள் பலர் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஏசியின் எவாப்பரேட்டர் கோரை ரேடியேட்டராக்கினார்கள். தடிமனான கோர், குறுகிய முகம். நல்ல டக்ட் இருந்தால் அருமையாக வேலை செய்யும், டக்ட் இல்லாவிட்டால் வீண்.

வேலைக்கு ஆகும் ஒரு சோதனை சொல்கிறேன். டக்ட்டை மாட்டிய பிறகு ரேடியேட்டரின் நான்கு ஓரங்களிலும் விரலை ஓட்டுங்கள். விரல் நுழையும் இடைவெளி எங்கே இருந்தாலும் காற்று அந்த வழியாகத்தான் போகும். சிலிகான் ரப்பர் பட்டை வைத்து முழுக்க அடைத்துவிடுங்கள். எங்கள் நண்பர் ஒருவரின் விமானத்தில் ஏற்றத்தில் 110 டிகிரியைத் தொட்ட கூலன்ட், வேறு எதையும் மாற்றாமல் ஓரங்களை அடைத்ததிலேயே 95-க்கு இறங்கியது.

அப்புறம் ஹெடர் டேங்க், அதாவது மேலே வைக்கும் கூலன்ட் தொட்டி. சிலிண்டர் ஹெட்டில் சிக்கிய காற்றுக்குமிழ் வெளியேற, டேங்க் முழு அமைப்பிலேயே உயரமான இடத்தில் இருக்க வேண்டும். விமானம் தரையில் மூக்கைத் தூக்கி நிற்கும்போதும் அதுதான் உயரமா என்று பாருங்கள்.

#11 ரவிசங்கர் | டாலஸ்

குமரன் சொன்னது முழுக்க உண்மை. நான் முதலில் எதிர்த்ததும் இதனால்தான். இன்ஜின் விலை ஆயிரம் டாலர் என்பார்கள். அப்புறம் கியர்பாக்ஸ், மவுண்ட், இரண்டு ரேடியேட்டர், இரண்டு பம்ப், இசியூ (இன்ஜினை நடத்தும் கணினி), கூடுதல் பேட்டரி, அதன் வயரிங். எடையும் கூடிக்கொண்டே போகும், மூக்கு கனத்துவிடும். கடைசியில் விற்கப்போனால் லைகாமிங் வைத்த விமானத்துக்குக் கிடைக்கும் விலை கிடைக்காது. அமெரிக்காவில் சான்றிதழ் பெற்ற இன்ஜின்-ப்ரொப்பெல்லர் இணைக்கு முதல் கட்டச் சோதனைப் பறப்பு 25 மணி நேரம், மற்றவற்றுக்கு 40 என்று வைத்திருப்பது சும்மா அல்ல.

போர்ஷேவே இதில் கையைச் சுட்டுக்கொண்டது. 911 காரின் இன்ஜினை பிஎஃப்எம் 3200 என்ற பெயரில் சான்றிதழ் வாங்கி 1988-ல் மூனி விமானத்தில் விற்றார்கள். சில ஆண்டுகளிலேயே நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பொறியாளர்கள் இருந்தும் வியாபாரம் நிற்கவில்லை.

#12 கனகர் | ஸ்கார்பரோ

ரவி தம்பி, காசுக்கணக்கில் உங்களோடு வாதாட மாட்டேன். மிச்சம் பிடிப்பதற்கென்று இதில் இறங்குகிறவர் பாதியில் விட்டுவிடுவார், அல்லது கூடாத இடத்தில் காசை மிச்சம் பிடிப்பார். இரண்டாவதுதான் ஆபத்து. ஆனால் கார் எஞ்சினைத் தானே பிரித்துப் பூட்டின ஆளுக்கு அதன் ஒவ்வொரு போல்ட்டும் தெரியும். ஒரு சத்தம் மாறினால் எதனால் என்று தெரியும். இந்த அறிவை மூடின பெட்டியாக வாங்க முடியாது. நாங்கள் ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் எஞ்சினை இறக்கிப் பார்க்கிறோம். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் பாதி சந்தோஷம் அதில்தான்.

#13 நித்யா | ஷார்ஜா

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மின்சாரத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை, எனக்கு அதில்தான் மிகுந்த கவலை.

பழைய லைகாமிங்கில் பற்றவைக்க வேண்டிய மின்சாரத்தை மேக்னெட்டோ தானே செய்துகொள்ளும். பேட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடும். எல்15, இஜே22 போன்றவை மின்சாரம் போன அதே நொடியில் நின்றுவிடும். 2007-ல் ஜெர்மனியின் ஷ்பையரில் ஒரு டிஏ42 நடந்துகொண்ட விதத்தை எங்கள் துறையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. பேட்டரி இறங்கிப்போயிருந்தது. வெளி மின்சாரம் கொடுத்து இரண்டு இன்ஜினையும் ஸ்டார்ட் செய்து புறப்பட்டார்கள். தரையை விட்டதும் சக்கரத்தை மேலே இழுக்க மோட்டார் ஓடியது. அந்த நொடி வோல்டேஜ் சரிந்தது, இரண்டு இன்ஜின்களின் கணினிகளும் ரீசெட் ஆயின, இரண்டு இன்ஜின்களும் நின்றன. இரண்டும் நல்ல நிலையில் இருந்த இன்ஜின்கள். இரண்டு இன்ஜின் இருந்தும் மின்சாரம் ஒன்றாக இருந்ததால் வந்த வினை.

வேலன், அதனால் இவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள். இசியூவுக்கும் பெட்ரோல் பம்புக்கும் மட்டும் தனி பேட்டரி. அது வேறு எதற்கும் மின்சாரம் கொடுக்கக் கூடாது, ஸ்டார்ட்டருக்குக்கூட. மெயின் பேட்டரியிலிருந்து டயோடு வழியே சார்ஜ் ஆகட்டும். இரண்டு பம்ப், இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ், தனித்தனி சுவிட்ச், தனித்தனி எர்த் வயர். இரண்டு சுற்றும் ஒரே எர்த் போல்ட்டில் முடிந்தால் அந்தப் போல்ட் தளர்ந்த நாளில் இரண்டும் சேர்ந்து போகும். ரிலேக்களை நம்புவதைவிட நல்ல சுவிட்ச் மேல்.

காரின் சொந்த இசியூவை அப்படியே வைக்க வேண்டாம். ஏதாவது ஒரு சென்சார் கோளாறு என்றால் இன்ஜினைக் காப்பாற்ற அது சக்தியைக் குறைத்துவிடும். காரில் அது நல்ல குணம், ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம். மரங்களுக்கு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது நமக்கு வேண்டியது, இன்ஜின் கெட்டாலும் பரவாயில்லை, இன்னும் இரண்டு நிமிடம் முழு சக்தி. விமானத்துக்கென்று எழுதிய, சென்சார் போனாலும் ஓடுகிற இசியூவாகப் பாருங்கள்.

#14 சண்முகம் | கோவை

ஒரு சந்தேகம்ங்க. இங்கே பெட்ரோல் எல்லாம் இப்போது 20 சதவீதம் எத்தனால். கனடாவிலும் கலக்கிறார்களா? கார்புரேட்டர் வண்டிகளில் ரப்பர் ஹோஸ் உப்பிப்போய் வருவதை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

#15 குமரன் | மெல்பன்

சண்முகம் அண்ணா, அது முக்கியமான விஷயம். எத்தனால் தண்ணீரை இழுக்கும். குளிர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் அதைத்தான் முதலில் உறிஞ்சும். ஃபைபர் கிளாஸ் டேங்க் வைத்தவர்களுக்கு ரெசினே இளகிப்போன அனுபவம் உண்டு. வேலனுக்கு அந்தக் கவலை இல்லை, 750-ல் அலுமினியம் டேங்க். ஆனால் ஹோஸும் ஓ-ரிங்கும் எத்தனாலுக்கு ஏற்றவையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று ஆவி அடைப்பு. பம்ப்களைச் சூடான இன்ஜின் பக்கம் வைத்து, கீழே இருக்கும் பெட்ரோலை மேலே உறிஞ்ச விட்டால், வெயில் நாளில் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது குமிழிதான் வரும். பம்ப் தாழ்வாக, டேங்குக்குப் பக்கத்தில், குளிர்ந்த பக்கத்தில். தள்ளுவதற்குத்தான் பம்ப், உறிஞ்சுவதற்கு அல்ல. விமானப் பெட்ரோல் 100எல்எல் போட்டால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் அதில் ஈயம் இருக்கிறது, ஆக்சிஜன் சென்சார் சீக்கிரம் செத்துவிடும், ஆயில் அடிக்கடி மாற்ற வேண்டும்.

#16 வேலன் | ஒஷாவா

எல்லார் பதிலையும் அச்செடுத்து வேலை மேசைக்கு மேலே ஒட்டிவிட்டேன். என் முடிவு இது. ஹோண்டா எல்15, உள்ளே எதையும் தொடாமல். கியர்பாக்ஸும் கப்ளிங்கும் ஏற்கனவே இதே இன்ஜினில் 750-ல் பறந்த செட், அதோடு அவர்கள் பரிந்துரைத்த ப்ரொப்பெல்லர் மட்டும். இங்கே வைக்கிங் நிறுவனத்தின் எல்15 வைத்த 750-கள் பறக்கின்றன, அவற்றில் ஒன்றை நேரில் போய்ப் பார்த்து அளவெடுக்கப் பேசியிருக்கிறேன். காசு மிச்சம் பெரிதாக இல்லை என்று ரவி அண்ணா சொன்னது சரிதான், எழுதிக் கூட்டிப் பார்த்தேன். ஆனாலும் இதைத்தான் செய்ய ஆசைப்படுகிறேன். என் நேரம் முழுக்க டக்ட்டுக்கும் வயரிங்குக்கும் போகும்.

பெட்ரோல் லைன் போதுமா என்று தரையிலேயே எப்படி உறுதி செய்வது?

#17 ரவிசங்கர் | டாலஸ்

இப்படி முடிவு எடுத்தால் எனக்கு மறுப்பு இல்லை, வேலன். இன்னும் ரோட்டாக்ஸ்தான் என் ஓட்டு. ஆனால் வேறொருவர் பறந்து காட்டிய செட்டை மாற்றாமல் எடுக்கிறீர்கள், அது பெரிய வித்தியாசம். முதல் பறப்புகளை நீளமான ரன்வே உள்ள ஏர்போர்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ரன்வேக்கு மேலேயே ஏறி, இன்ஜின் நின்றாலும் அதிலேயே இறங்கும் உயரத்துக்குள் சுற்றுங்கள்.

#18 கனகர் | ஸ்கார்பரோ

பெட்ரோல் சோதனை சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கோ.

100 குதிரைத்திறன் எஞ்சின் முழு சக்தியில் மணிக்கு ஏறக்குறைய 32 லிட்டர் குடிக்கும். பம்ப் உள்ள விமானத்தில் அதற்கு மேல் கால் பங்கு கூடுதலாக ஓட வேண்டும். ஆக மணிக்கு 40 லிட்டர். பம்ப் இல்லாமல் தானாக இறங்குகிற அமைப்பு என்றால் ஒன்றரை மடங்கு.

வால் சக்கரப் பக்கத்தைத் தாழ்த்தியோ மூக்குச் சக்கரத்தைத் தூக்கியோ, விமானம் அதிகபட்சம் ஏறுகிற கோணத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக மூக்கை நிமிர்த்துங்கோ. டேங்கில் கொஞ்சம் பெட்ரோல்தான் இருக்க வேண்டும், நிறைந்த டேங்கில் சோதித்தால் பொய்யான நம்பிக்கை வரும். இன்ஜெக்டர் ரெயிலுக்குப் போகும் ஹோஸை, ரெகுலேட்டர் அழுத்தம் அப்படியே இருக்கும்படி, அளவு போட்ட 10 லிட்டர் கேனுக்குத் திருப்புங்கோ. திரும்பி டேங்குக்குப் போகிற பெட்ரோலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு பம்பை மட்டும் போடுங்கோ. 15 நிமிடத்துக்குள் கேன் நிறைய வேண்டும். அதை நிறுத்திவிட்டு மற்றப் பம்பில் அதே சோதனை. பிறகு மற்றப் பக்க டேங்கில் இரண்டையும் திரும்ப.

வெளியே, தரையில் எர்த் கம்பி கட்டி, தீயணைப்பான் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கோ. கராஜுக்குள் வேண்டாம். கேன் 15 நிமிடத்தில் நிறையாவிட்டால் பெரிய பம்ப் வாங்காதீர்கள். முதலில் ஃபில்டரையும் டேங்க் வென்டையும் (காற்றுத் துளை) பாருங்கோ, பிறகு ஹோஸ் எங்கே மடிகிறது என்று கையால் தடவிக்கொண்டே போங்கோ.